முழுதாகப் புதுப்பித்த 1970 மெர்சிடிஸ் 280 எஸ்இ 3.5 கேப்ரியோலே: கேட்கும் விலை நியாயமா, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஒரு டீலரிடம் 1970 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 280 எஸ்இ 3.5 கேப்ரியோலே, அதாவது துணிக்கூரை மடங்கும் திறந்த கார், விற்பனைக்கு வந்திருக்கிறது. கருநீல நிறம், பழுப்புத் தோல் இருக்கைகள், அமெரிக்காவில் ஓடிவிட்டுத் திரும்பி வந்த கார். விளம்பரத்தில் "முழு ரெஸ்டோரேஷன், மேட்சிங் நம்பர்ஸ்" என்று போட்டிருக்கிறார்கள், அதாவது முழுதாகப் புதுப்பித்தது, எஞ்சின் முதலியவற்றின் எண்கள் கார் பிறந்தபோது இருந்தவையே என்று. கேட்பது 3 லட்சம் யூரோவுக்கு மேல். இதே காரின் கூரை மடங்காத கூப்பே வகை அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும்போது, கூரை மடங்குகிறது என்பதற்காகவா இவ்வளவு விலை? நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

விலை நியாயமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்கள் ஷோரூமில் பார்க்கப்போகும் பளபளப்பு இல்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன், பாடி வெறும் தகடாக நின்றபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா, கார் வெளிவந்தபோது தொழிற்சாலை எழுதிவைத்த டேட்டா கார்டோடு எண்கள் ஒத்துப்போகின்றனவா, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கும். இவை இல்லாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் புதுப்பிக்காத கார் என்றே கணக்கில் வைத்து விலை பேசுங்கள். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பானவன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தக் கார் யார் என்று பார்த்துவிடலாம். இது சேர்ந்த டபிள்யூ111 வரிசையின் கூப்பே 1961 தொடக்கத்தில் வந்தது, அதே ஆண்டிலேயே கேப்ரியோலேயும் வந்தது. வடிவத்தில் பெரும்பங்கு பால் பிராக் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளருடையது. பின்னாளில் 'பகோடா' என்று பெயர் வாங்கிய 230 எஸ்எல், பிரம்மாண்டமான 600 ஆகியவற்றிலும் அவர் கை உண்டு. அந்தக் காலத்து மெர்சிடிஸ் செடானில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த வால் துடுப்புகளை இதில் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டார். தோளில் இருந்து வால் வரை ஒரே கோடு, எங்கும் முறியாமல் இறங்கும். அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதிக்கும்போது தேவைப்படும்.

1961 முதல் 1971 வரை எல்லா எஞ்சின்களும் சேர்த்து 7,013 கேப்ரியோலேக்கள் செய்தார்கள். கூப்பேக்கள் 28,918. அதாவது நாலு கூப்பேக்கு ஒரு கேப்ரியோலே. கடைசியில் வந்த வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் 3.5 மட்டும் எடுத்தால், 1969 முதல் 1971 வரை வெறும் 1,232 கேப்ரியோலேக்கள். அதற்குப் பிறகு மெர்சிடிஸ் நாலு பேர் உட்காரும் திறந்த காரைச் செய்வதையே விட்டுவிட்டது. அடுத்தது 1991-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில்தான் தலைகாட்டியது. இருபது வருட இடைவெளி. பெரிய உடல், கையால் தைத்த தோல், மர அலங்காரம், வி8 எஞ்சின், கூடவே நாலு பேருக்கு இடம், அந்த இடைவெளிக்கு முன் இவை எல்லாம் சேர்ந்து வந்த கடைசிக் கார் இது. சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது இதற்குத்தான். நல்ல கார்கள் ஏலத்தில் 3 லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கின்றன. ஆகவே விலையைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. கூப்பேக்கும் கேப்ரியோலேக்கும் இவ்வளவு விலை வித்தியாசம் இருந்தால் என்ன நடக்கும்? கூப்பேயின் கூரையை வெட்டி எடுத்து கேப்ரியோலே ஆக்குவார்கள். ஆறு சிலிண்டர் கேப்ரியோலேயில் வி8 இறக்கி 3.5 என்று பெயர்ப்பலகை ஒட்டுவார்கள். இரண்டும் நடந்திருக்கிறது. சில கார்களை வெளிப்படையாகவே 'மாற்றியது' என்று சொல்லி விற்கிறார்கள், அதில் தப்பு இல்லை. சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை.

இதைப் பிடிக்க முதல் வழி சேஸி நம்பர். உண்மையான 3.5 கேப்ரியோலேயின் எண் 111.027 என்று தொடங்க வேண்டும். 111.026 என்றால் அது 3.5 கூப்பேயாகப் பிறந்த கார். 111.025 என்றால் ஆறு சிலிண்டர் 280 எஸ்இ கேப்ரியோலே, 111.024 என்றால் ஆறு சிலிண்டர் கூப்பே. அடுத்து வரும் இரண்டு இலக்கமும் பேசும்: 12 என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர், 10 என்றால் இடப்பக்கம், கையால் மாற்றும் கியர், 22 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக். தகட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தகட்டைக் கழற்றி மாட்டலாம். பாடி இரும்பிலேயே பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றி வெல்டிங் தடம், தேய்த்த அடையாளம், பக்கத்தில் இருப்பதைவிடத் தடிமனான பெயிண்ட் ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

'மேட்சிங் நம்பர்ஸ்' என்ற வார்த்தையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தக் காரின் எஞ்சின் நம்பர் 116.980 என்று தொடங்கும். ஆனால் அதே 116.980 எஞ்சின்தான் 280 எஸ்இ 3.5 செடானிலும் இருந்தது, அந்தச் செடான்கள் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக விற்றவை. எனவே ஒரு பழைய செடானில் இருந்து கழற்றிய எஞ்சினும் 'சரியான எஞ்சின்' போலவே தெரியும். தொடக்க எண் ஒத்துப்போனால் போதாது, முழு எண்ணும் டேட்டா கார்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கார்டில் சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி எண்கள், பெயிண்ட் கோடு, இருக்கைத் தோலின் கோடு, கூடுதலாக வாங்கிய வசதிகளின் கோடுகள் எல்லாம் இருக்கும். நீங்கள் பார்க்கப்போவது கருநீலக் கார். கார்டில் 904 என்று இருந்தால் அது பிறவியிலேயே கருநீலம். 050 என்று இருந்தால் வெள்ளையாகப் பிறந்து பின்னால் நீலமானது. நிறம் மாற்றியது குற்றம் இல்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். விற்பவரிடம் கார்டு இல்லை என்றால் மெர்சிடிஸின் கிளாசிக் பிரிவு வழியாகப் பழைய பதிவுகளைக் கேட்டுப் பெற முடியும். இவ்வளவு விலை சொல்கிறவர் அதைக்கூட வாங்கி வைக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

சரி, எண்கள் ஒத்துப்போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். இப்போது தகடுக்கு வருவோம். இந்தக் காரின் பணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து உடலைப் பிடித்துக்கொள்ளும். கூரை இல்லாத காரில் அந்த வேலை முழுவதும் தரைத்தகட்டுக்கும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற சில் பாகத்துக்கும் போய்விடுகிறது. மெர்சிடிஸ் இதற்காகவே கேப்ரியோலேயின் அடிப்பாகத்தில் கூடுதல் வலுவூட்டல் கொடுத்தது. இந்த சில் உள்ளே இருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். அதைவிட மோசமானது, துருப்பிடித்த சில்லை வெட்டி எடுக்கும்போது பாடியைச் சரியாக முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் வேலை செய்வது. கார் நடுவில் சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் வைத்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரம். பிறகு கதவு சரியாக மூட வேண்டும் என்பதற்காகக் கதவின் விளிம்பைத் தேய்ப்பார்கள், பட்டி வைத்து இடைவெளியை ஒப்பேற்றுவார்கள். மேலே எட்டு கோட் பெயிண்ட் அடித்தாலும் கார் நேராகாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காரைச் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்க பேனலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கீழே ஒருமுறை பாருங்கள். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். அப்புறம் கதவைத் திறந்து வைத்து, முன்சக்கரம் ஒன்றைக் கதவுப் பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். இப்போது கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். தூக்குவதற்கு முன் எப்படி மூடியதோ ஏறக்குறைய அப்படியே மூட வேண்டும். பூட்டு இடித்தாலோ, கதவைத் தூக்கி மூட வேண்டியிருந்தாலோ உடல் நெளிகிறது. இந்தக் கதவுகள் நீளமானவை, கனமானவை. அதனால் சின்ன நெளிவையும் பெரிதாகக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து காரின் பின்மூலையில் குந்தி உட்கார்ந்து அந்தத் தோள் கோட்டை வாலில் இருந்து ஹெட்லைட் வரை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒளி அந்தக் கோட்டின் மேல் அலை அலையாக உடைந்தால் கீழே பட்டி இருக்கிறது.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி கொண்டுபோங்கள். நன்றாகப் புதுப்பித்த காரில் 200 முதல் 350 மைக்ரான் காட்டினால் கவலைப்படாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் எகிறினால் அந்த இடத்துப் படத்தைக் கேளுங்கள். உங்களுடையது அமெரிக்காவில் இருந்து வந்த கார் அல்லவா? அங்கே விற்ற கார்களின் முன்-பின் பக்கவாட்டில் சின்ன மார்க்கர் விளக்குகள் இருக்கும், அந்த நாட்டுச் சட்டம் அப்படி. ஐரோப்பாவுக்கு வந்தபின் பலர் அவற்றை எடுத்துவிட்டு ஓட்டைகளை அடைத்துவிடுவார்கள், ஹெட்லைட்டையும் ஐரோப்பிய ஒற்றைக் கண்ணாடிக்கு மாற்றிவிடுவார்கள். அந்த ஓட்டைகளைத் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைத்தார்களா, பட்டியால் நிரப்பினார்களா என்று உட்பக்கம் இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பட்டறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எப்படி வேலை செய்யும் என்பதை அந்த நான்கு ஓட்டைகளே சொல்லிவிடும்.

பிறகு லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் விடைபெற்றுக்கொள்ளலாம். கீழே கறுப்பு அண்டர்கோட் தடிமனாகப் புதிதாக அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நல்ல வேலை செய்தவர்கள் அடிப்பாகத்தை மறைக்க மாட்டார்கள், காட்டத்தான் விரும்புவார்கள். தகடுகள் சேரும் விளிம்புகளில் தொழிற்சாலை வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும். ஜாக்கி வைக்கும் இடங்கள், சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, டிக்கித் தரை, கூரை மடிந்து உட்காரும் குழி, இவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். அந்தக் குழியில் இருந்து தண்ணீர் வடியும் வழி அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளேயே தங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகட்டைத் தின்றுவிடும். லிஃப்டில் இருந்து இறக்கியவுடன் பின்சக்கரங்கள் கீழ்ப்பக்கம் உள்வாங்கிக் கோணலாக நிற்கும். அது கோளாறு இல்லை. இந்தக் காரின் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பின் அச்சு, அப்படித்தான், சில மீட்டர் ஓட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தாலும், மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. அதனால்தான் படங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். பெயிண்டை உரித்த வெறும் பாடி, வெட்டி எடுத்த சில், உள்ளே வைத்த புதுத் தகடு, அதன்மேல் பிரைமர் என்று வரிசையாக, சேஸி நம்பரும் ஒரு படத்திலாவது தெரியும்படி இருக்க வேண்டும். ஐந்தாறு படங்கள் போதாது. ஒழுங்கான பட்டறை நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்திருக்கும், ஏனென்றால் கழற்றியதைத் திரும்ப மாட்டவே அவர்களுக்கு அது தேவை. "பழைய உரிமையாளரிடம் இருந்தது, தேடித் தருகிறேன்" என்ற பதில் வந்தால், அந்தப் படங்கள் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். பில்களையும் கேளுங்கள். பெயிண்டுக்கும் தோலுக்கும் பெரிய பில், தகட்டு வேலைக்குச் சின்ன பில் என்று இருந்தால் அது விற்பதற்காக அலங்கரித்த கார்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 3,499 சிசி வி8, 200 குதிரைத்திறன், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். இதே குடும்பத்து எஞ்சின் 1971-ல் 350 எஸ்எல்லிலும் வந்ததால் வேலை தெரிந்தவர்களும் பாகங்களும் இன்றும் கிடைக்கிறார்கள். ஒரே கவனம் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மின்னணு எரிபொருள் அமைப்பில் வேண்டும். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் உள்ள அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்ல, அதை வைத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெட்ரோலைத் தீர்மானிக்கும். எங்காவது காற்று கசிந்தால் சென்சார் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும், ஐட்லிங் ஏறி இறங்கும். எஞ்சின் சூட்டில் பழைய வயர்களின் உறை நொறுங்கிப்போவதும் சகஜம். பாடிக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு பழைய வயரிங்கை அப்படியே விட்ட கார்கள் உண்டு. நீங்கள் போவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். குளிர்ந்த எஞ்சின் முதல் முயற்சியில் பிடித்து, சூடாகும்போது அதன் வேகம் தானே அமைதியாக இறங்க வேண்டும். நான்கு கியர் ஆட்டோமேட்டிக் இன்றைய கார் போல வழுக்கிக்கொண்டு மாறாது, கொஞ்சம் அழுத்தமாகத்தான் மாறும். அது இயல்பு. முன்பக்க சஸ்பென்ஷனில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். அடித்ததற்கான தடயம் இருக்கிறதா என்று லிஃப்டில் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

கூரைக்கு வருவோம். இந்தக் காரில் கூரையைக் கையால்தான் மடிக்க வேண்டும், மோட்டார் கிடையாது. வெளித்துணி, நடுவில் மெத்தை, உள்ளே லைனிங் என்று பல அடுக்கு. மூடினால் மூடிய காருக்குள் இருப்பது போலவே சத்தம் அடங்கிவிடும். இதைத் தைக்கத் தெரிந்த கைகள் குறைவு. நீங்களே இரண்டு முறை திறந்து மூடுங்கள், விற்பவர் செய்து காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தத்தில் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒன்று துணி தப்பாகத் தைத்தது, இல்லை உடல் கோணல். கதவு இடைவெளியில் நீங்கள் பார்த்த அதே கதை இங்கேயும் வரும். கூரை மூடியிருக்கும்போது பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, மூலைகளில் ரப்பரோடு சேர்கின்றனவா என்றும் பாருங்கள்.

உள்ளே தோலும் மரமும் கண்ணைப் பறிக்கும். அதில் மயங்க வேண்டாம், ஏனென்றால் அதுதான் இருப்பதிலேயே சுலபமாகச் சரிசெய்யக்கூடியது. அந்தக் காலத்து பெக்கர் ரேடியோ இருக்கிறதா, மைல் மீட்டரை கிலோமீட்டருக்கு மாற்றியிருந்தால் எப்போது, எத்தனை மைலில் மாற்றினார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குரோம் அலங்காரப் பட்டைகளில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. கேப்ரியோலேக்கு மட்டுமே உரிய சின்னச் சின்ன குரோம் துண்டுகள் கிடைத்தாலும் விலை தாங்காது.

ஜெர்மனியில் இது போன்ற கார்களுக்கு 1 முதல் 5 வரை நிலை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் குறையே சொல்ல முடியாதது, 5 என்றால் ஓடவே ஓடாதது. விற்பவர் காட்டும் மதிப்பீட்டு அறிக்கையின் தேதியைப் பாருங்கள், யார் பணம் கொடுத்து எடுத்தது என்றும் பாருங்கள். இன்ஷூரன்ஸுக்காக எடுக்கும் சுருக்க அறிக்கை காரின் அடியில் போய்ப் பார்க்காமலே எழுதியதாக இருக்கலாம். காருக்கு எச் நம்பர் பிளேட் இருந்தால் நல்லது. முப்பது வயது தாண்டிய, மூல நிலையில் உள்ள கார்களுக்குக் கிடைப்பது அது. எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் ஆண்டுக்கு 191.73 யூரோ வரியோடு முடிந்துவிடும். ஆனால் எச் பிளேட் இருப்பதாலேயே ரெஸ்டோரேஷன் தரமானது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், அந்தப் பரிசோதனையின் நோக்கமே வேறு.

இனி விலை. டேட்டா கார்டோடு எல்லா எண்ணும் பொருந்தி, படங்களும் பில்களும் இருந்து, கதவுப் பரிசோதனையிலும் தேறிவிட்டால் அவர் கேட்பதில் பெரிதாகக் குறைக்க முடியாது, குறைக்கவும் வேண்டாம். இதே வேலையை நீங்கள் ஒரு துருப்பிடித்த காரை வாங்கிச் செய்யப்போனால் கார் விலைக்கு மேல் அதைவிட அதிகம் போகும், வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். எண்கள் பொருந்தி, படங்கள் மட்டும் இல்லை என்றால், ஒரு முழு சில் மற்றும் தரைத்தகட்டு வேலைக்கு உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி அதைக் கழித்துப் பேசுங்கள். எஞ்சின் நம்பர் பொருந்தவில்லை, மற்றதெல்லாம் உண்மை என்றால் எனக்கு அந்தக் கார் பிடிக்கும், ஓட்டுவதற்கு நானே வாங்குவேன், ஆனால் இந்த விலைக்கு அல்ல. சேஸி எண் 111.027 இல்லை என்றால் பேச்சே வேண்டாம்.

நேரில் போவதற்கு முன் இன்றே டீலருக்கு ஒரு மெயில் போடுங்கள். டேட்டா கார்டின் நகல், பாடியில் பொறித்த எண்ணின் படம், எஞ்சின் நம்பரின் படம், வெறும் தகடாக இருந்த நிலையின் படங்கள், இந்த நான்கை மட்டும் கேளுங்கள். உங்கள் செலவில் ஒரு சுயாதீன நிபுணரைக் கூட்டி வருவேன், லிஃப்ட் வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். பதில் வந்த பிறகு ரயில் டிக்கெட் எடுத்தால் போதும்.